முதல் கொழுந்து டீ: நாக்கில் வைத்துத் தரம் பார்ப்போமா?



காலையில் எழுந்ததும் நம்மில் முக்கால்வாசிப் பேர் தேடுவது ஒரு டம்ளர் டீயைத்தான். குழுக் கூட்டம் என்றாலும் டீ, வங்கியில் காத்திருந்தாலும் டீ. நம் உறுப்பினர்களில் கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அரை ஏக்கர், ஒரு ஏக்கர் தேயிலை வைத்திருக்கிற குடும்பத்துப் பெண்கள் இருக்கிறார்கள். மொத்தமாகத் தூள் வாங்கி, பாக்கெட் போட்டு விற்கிற குழுக்களும் இருக்கின்றன. ஆனால் "இது நல்ல டீயா?" என்று கேட்டால் நாம் என்ன சொல்கிறோம்? "கலர் நல்லா இறங்குதுங்க" என்கிறோம். அத்தோடு சரி.

கலரை மட்டும் பார்த்து வாங்குகிறவரை ஏமாற்றுவது ரொம்பச் சுலபம். தோட்டத்துக்காரருக்கு இலைக்கு என்ன விலை கிடைக்கும் என்பதும், கடைசியில் யாரோ ஒருவர் வாயில் ஊற்றிப் பார்த்துச் சொல்கிற தீர்ப்பில்தான் போய் நிற்கிறது. அந்த ஒருவருக்கு இருப்பது போன்ற நாக்கும் மூக்கும் நமக்கும் இருக்கின்றன. பழக்கம்தான் இல்லை. அதனால் இந்த இதழில் டீயைச் சுவைத்துத் தரம் பார்ப்பது எப்படி என்று எழுதுகிறோம். அதற்கு எந்த டீயை எடுத்துக்கொள்வது என்று யோசித்தோம். சுவையை மட்டுமே வைத்து விலை ஏறுகிற டீ ஒன்று உண்டு. பருவத்தின் முதல் கொழுந்தில் செய்கிற டார்ஜிலிங் டீ. அதைப் புரிந்துகொண்டால் நம்ம ஊர் டீயைப் பார்ப்பது கஷ்டமே இல்லை.

டார்ஜிலிங்கில் மார்ச் மாதம்

டார்ஜிலிங் மேற்கு வங்காளத்தின் வடக்கு மூலையில், இமயமலைச் சரிவில் இருக்கிறது. அங்கே 1841-ல்தான் முதன்முதலாகத் தேயிலை நட்டுப் பார்த்தார்கள். இன்றைக்கு டார்ஜிலிங் டீ என்ற பெயரைப் பயன்படுத்தும் உரிமை 87 தோட்டங்களுக்கு உண்டு. சுமார் 600 மீட்டரிலிருந்து 2,000 மீட்டர் உயரம் வரை செங்குத்தான சரிவுகளில் செடிகள் நிற்கின்றன. பெரும்பாலும் சீன வகைச் செடி. இலை சின்னது, குளிரைத் தாங்கும்.

நம் நீலகிரியில் வருஷம் பூராவும் ஏதாவது கொஞ்சம் கொழுந்து வந்துகொண்டே இருக்கும். அங்கே அப்படி இல்லை. நவம்பர் கடைசியில் குளிர் பிடித்தால் செடி தூங்கிவிடும். மூன்று மாதம் போல ஒரு தளிர் வராது. பிப்ரவரி கடைசி, மார்ச் வாக்கில் வெயில் கொஞ்சம் ஏறி, ஒரு மழை விழுந்தால் செடி கண் விழிக்கும். அப்போது வருகிற தளிரைத்தான் முதல் கொழுந்து என்கிறோம். ஏப்ரல் நடுப்பகுதி வரைக்கும் இது போகும். மே, ஜூனில் இரண்டாம் கொழுந்து. அதற்குப் பிறகு மழைக்காலக் கொழுந்து, அக்டோபர், நவம்பரில் இலையுதிர் காலக் கொழுந்து.

நாலும் ஒரே செடியிலிருந்து வருவதுதான். ஆனால் சுவை நாலு விதம். முதல் கொழுந்து மெல்லிசாக, பூ வாசனையோடு இருக்கும். இரண்டாம் கொழுந்தில் பன்னீர் திராட்சை வாசனை வரும். நாங்கள் சும்மா உவமைக்குச் சொல்லவில்லை. வியாபாரிகள் அந்த வாசனைக்கு 'மஸ்கடெல்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மஸ்கட் திராட்சை வகையை வைத்து வந்த பெயர் அது. நம் கம்பம் பள்ளத்தாக்கில் விளைகிற பன்னீர் திராட்சையும் அதே மஸ்கட் இனம்தான். இதில் இன்னொரு வேடிக்கை, அந்த வாசனை வருவதற்குத் தத்துப்பூச்சியும் ஒரு காரணம். பூச்சி சாறு உறிஞ்சினதும் செடி தன்னைக் காத்துக்கொள்ளச் சில வாசனைப் பொருட்களை உண்டாக்குகிறது. பயிருக்கு எதிரி என்று நாம் மருந்தடிக்கிற பூச்சி அங்கே விலை ஏற்றிக் கொடுக்கிறது!

2004-ல் இந்தியாவிலேயே முதல் புவிசார் குறியீடு டார்ஜிலிங் டீக்குத்தான் கிடைத்தது. அந்தப் பாக்கெட்டில் இருக்கிற முத்திரையைப் பார்த்திருக்கிறீர்களா? கொழுந்தை ஏந்திய ஒரு பெண்ணின் பக்கவாட்டு முகம். பறிப்பது பெரும்பாலும் பெண்கள்தான், அதனால் அந்த முகம் பொருத்தமே. ஆனால் 2023-ல் உயர்த்திக் கொடுத்த பிறகும் அங்கே தோட்டத்தொழிலாளியின் நாள் கூலி 250 ரூபாயாகத்தான் இருந்தது. நல்ல தோட்டத்து முதல் கொழுந்து டீயோ ஒரு கிலோ ஆயிரக்கணக்கான ரூபாய்க்குப் போகிறது. முத்திரையில் இருக்கிற பெண் அந்த டீயைக் காசு கொடுத்து வாங்கிக் குடிக்க முடியாது. இதை எழுதாமல் மேலே போக எங்களுக்கு மனசு வரவில்லை.

கறுப்பே இல்லாத கருந்தேயிலை

முதல் கொழுந்து டீயைக் கையில் வாங்கினதும் நம்மவர்கள் "இது பச்சை டீயாச்சே" என்பார்கள். இலை பச்சையும் பழுப்பும் வெள்ளி மொட்டுமாகக் கலந்து கிடக்கும். வெந்நீர் ஊற்றினால் வைக்கோல் நிறத்தில், மிஞ்சினால் இளம் தங்க நிறத்தில் இறங்கும். ஆனாலும் அது கருந்தேயிலை வகையில்தான் சேரும். எப்படி?

பறித்த இலையை முதலில் வாட்டுவார்கள். அப்புறம் உருட்டுவார்கள். உருட்டும்போது இலை கசங்கி, சாறு காற்றோடு சேர்ந்து நிறம் மாற ஆரம்பிக்கும். வெட்டி வைத்த வாழைக்காய் கறுக்கிறதே, அதே சங்கதிதான். இதைப் புளிக்க வைப்பது என்று சொல்வார்கள், ஆனால் மாவு புளிக்கிற மாதிரியான புளிப்பு இல்லை. போதுமான நிறம் வந்ததும் சூடான காற்றில் உலர்த்தி நிறுத்திவிடுவார்கள். 4 கிலோவுக்கு மேல் பசுந்தேயிலை போட்டால் ஒரு கிலோ தூள் வரும்.

முதல் கொழுந்துக்கு வாட்டுவதைக் கடுமையாக வாட்டுவார்கள். இலையில் உள்ள ஈரத்தில் பாதிக்கு மேல் அப்போதே போய்விடும். ஈரம் குறைந்த இலை உருட்டும்போது சீக்கிரம் கறுக்காது. புளிக்க வைக்கிற நேரத்தையும் சுருக்கிவிடுவார்கள். அதனால் பச்சை மிஞ்சி நிற்கிறது, பூ வாசனையும் தங்கி நிற்கிறது. நம் கடைகளில் கிடைக்கிற குருணை டீ இதற்கு நேர் எதிர். சி.டி.சி. என்கிற மெஷினில் இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டி நன்றாகக் கறுக்க விடுகிறார்கள். கலரும் கடுப்பும் சீக்கிரம் இறங்கும், பாலுக்குத் தாங்கும். எது உசத்தி எது மட்டம் என்று இதில் பேச வேண்டாம். தோசைக்கு ஒரு அரிசி, பிரியாணிக்கு ஒரு அரிசி. ஆனால் ஒன்றைப் பார்க்கிற கண்ணோடு இன்னொன்றைப் பார்த்தால் தீர்ப்பு தப்பாகிவிடும். முதல் கொழுந்து டீயிடம் கலர் கேட்கக் கூடாது.

பாக்கெட்டில் எஸ்.எஃப்.டி.ஜி.எஃப்.ஓ.பி. என்று ரயில் மாதிரி நீளமாக எழுத்துகள் போட்டிருக்கும். நம் பக்கம் ஆர்.டி., எஸ்.ஆர்.டி., எஸ்.எஃப்.டி. என்று டஸ்ட் வகைகளுக்குப் பெயர் உண்டு. இவையெல்லாம் இலையின் அளவையும் தோற்றத்தையும் சொல்கிற எழுத்துகள். சுவையைச் சொல்வதில்லை. நீளமான எழுத்தைப் பார்த்து மயங்க வேண்டியதில்லை.

நம் வீட்டிலேயே ஒரு சோதனை மேசை

டீ சுவைப்பவர்களின் அறையில் வெள்ளைப் பீங்கான் கோப்பைகள் வரிசையாக இருக்கும். வெள்ளை எதற்கு என்றால் நிறம் ஏமாற்றாது. வெளிச்சம் வடக்குப் பக்கத்துச் சன்னலிலிருந்து வரும்படி வைத்திருப்பார்கள், வெயில் நேராக விழாது. உலக அளவில் ஒரே மாதிரி இருக்கட்டும் என்று 1980-ல் ஐ.எஸ்.ஓ. 3103 என்ற தரமுறையை வெளியிட்டார்கள். 100 மில்லி தண்ணீருக்கு 2 கிராம் டீ. தளதளவென்று கொதித்த தண்ணீர். மூடி வைத்து 6 நிமிடம். அவ்வளவுதான் விஷயம்.

நம்மிடம் 2 கிராம் நிறுக்கிற தராசு இருக்காது. கவலை வேண்டாம். பாக்கெட் போடுகிற தராசில் 10 கிராம் நிறுத்து, ஒரு தாளில் கொட்டி, அஞ்சு சம கூறாகப் பிரியுங்கள். ஒரு கூறு 2 கிராம். கரண்டியால் அளக்காதீர்கள். இலை டீ பஞ்சு மாதிரி லேசு, குருணை டீ கனம். ஒரே கரண்டி இரண்டுக்கும் இரண்டு எடை காட்டும். தண்ணீருக்கு, பிள்ளைகளின் பால் பாட்டிலில் மில்லி கோடு போட்டிருக்குமே, அதில் 100 மில்லி பச்சைத் தண்ணீர் அளந்து கிண்ணத்தில் ஊற்றி, எதுவரை நிற்கிறது என்று வெளியே ஒரு குறி வையுங்கள். பிறகு அந்தக் குறிவரை வெந்நீர் ஊற்றினால் போதும். மூட ஒரு தட்டு. நேரத்துக்குச் செல்போன். வடிகட்ட இன்னொரு வெள்ளைக் கிண்ணம்.

தண்ணீர் விஷயத்தில் கவனம் வேண்டும். உப்பு அதிகம் உள்ள போர் தண்ணீரில் எந்த நல்ல டீயும் மங்கிப்போகும், மேலே ஆடை மாதிரிப் படியும். குடிக்க நல்ல தண்ணீரை எடுங்கள். புதுசாகப் பிடித்து, ஒரே தடவை கொதிக்க வையுங்கள். மலை மேல் இருப்பவர்களுக்கு இன்னொன்று. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும், சமவெளியில் 100 டிகிரி. அதனால் ஒரே டீ கீழே போனதும் கொஞ்சம் கடுப்பாக இறங்கும். மேலே சுவைத்துவிட்டுக் கீழே விற்கிறவர்கள் கீழேயும் ஒரு தடவை சுவைத்துப் பார்ப்பது நல்லது.

"முதல் கொழுந்து டீயை 2, 3 நிமிடம்தானே ஊற வைக்கச் சொல்கிறார்கள்?" என்று சிலர் கேட்கலாம். குடிப்பதற்கு அது சரி. சோதிப்பதற்கு 6 நிமிடம். நகையை வாங்குமுன் உரைகல்லில் உரசுகிறோம் அல்லவா, அதுபோல. குற்றம் இருந்தால் வெளியே வரட்டும் என்றுதான் டீயை அவ்வளவு நேரம் வதைக்கிறோம். ஆறு நிமிடம் ஊறியும் வாய்க்கு இதமாக இருந்தால் அது நிஜமாகவே நல்ல சரக்கு.

சுவைப்பதற்கு முன்னால் வெற்றிலை, புகையிலை, பூண்டு ஊறுகாய் எதுவும் வேண்டாம். வாயை வெறும் தண்ணீரில் கொப்பளித்துக்கொள்ளுங்கள். சர்க்கரையும் பாலும் இப்போதைக்கு ஓரமாக இருக்கட்டும்.

கண், மூக்கு, வாய்

முதலில் காய்ந்த இலை. உள்ளங்கையில் கொஞ்சம் வைத்து, வாயால் சூடாக ஊதி, மோந்து பாருங்கள். வாசனை எழும்பும். பிறகு விரலால் நெருடுங்கள். மொறுமொறுவென்று நொறுங்க வேண்டும். துவண்டு வளைந்தால் ஈரம் ஏறியிருக்கிறது. குச்சியும் நாரும் நிறைய தெரிந்தால் முற்றின இலை.

அடுத்து, வடித்த பின் கிண்ணத்தில் தங்குகிற வெந்த இலை. நாமெல்லாம் செடிக்கு உரம் என்று கொட்டிவிடுகிற சக்கைதான். டீயைப் பற்றி உண்மை சொல்வது அந்தச் சக்கை. ஆவி பறக்கும்போதே மூக்கைக் கிட்டக் கொண்டுபோய் மோருங்கள். முதல் கொழுந்தாக இருந்தால் பளிச்சென்ற பச்சையும் செம்பு நிறமும் கலந்திருக்கும். விரித்துப் பார்த்தால் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக அப்படியே விரியும். சி.டி.சி. டீ என்றால் புதுச் செம்புக் காசு மாதிரி இருக்க வேண்டும். கறுத்து, மங்கி, சாணிப் பச்சையாகக் கிடந்தால் எங்கோ கோளாறு நடந்திருக்கிறது.

கடைசியில்தான் வாய். ஒரு கரண்டி எடுத்து, காற்றோடு சேர்த்துச் 'சர்ர்ர்'ரென்று சத்தமாக உறிஞ்ச வேண்டும். சத்தம் போட்டு உறிஞ்சினால் சின்ன வயசில் அம்மா தலையில் குட்டுவார்கள். இங்கே அதற்குத்தான் சம்பளம் கொடுக்கிறார்கள். காரணம் இல்லாமல் இல்லை. உறிஞ்சும்போது டீ பூந்தூறலாகச் சிதறி வாய் பூராவும் படுகிறது, வாசனை தொண்டை வழியாக மூக்குக்கு ஏறுகிறது. சந்தேகம் இருந்தால் மூக்கை இறுக்கப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் குடியுங்கள். கசப்பும் துவர்ப்பும் மட்டும் தெரியும். அப்படியே விரலை எடுங்கள், பூ வாசனை குபீரென்று வரும். டீயின் பாதிச் சுவை மூக்கில்தான் இருக்கிறது. நாளைக்கு நூற்றுக்கணக்கில் சுவைப்பவர்கள் விழுங்க மாட்டார்கள், படிக்கத்தில் துப்பிவிடுவார்கள். நமக்கு நாலஞ்சு கோப்பைதான், இஷ்டம்போல் செய்யலாம்.

வாயில் எதைத் தேடுவது? துவர்ப்பையும் கசப்பையும் பிரிக்கப் பழகுங்கள். இதில் நம் பெண்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வாழைப்பூ ஆய்ந்தவர்கள், பாக்கு மென்றவர்கள், நெல்லிக்காய் கடித்தவர்கள் நாம். துவர்ப்பு நாக்கையும் கன்னத்தையும் சுருக்கிப் பிடிக்கும். கசப்பு அடிநாக்கில் போய் உட்காரும். நல்ல டீயில் துவர்ப்பு சுரீரென்று பிடித்து, உடனே விட்டு, வாயில் எச்சில் ஊறும். இதைத்தான் தொழிற்சாலைக்காரர்கள் 'பிரிஸ்க்' என்கிறார்கள். துவர்ப்பே இல்லாத டீ சப்பென்று, ஆறின கஞ்சித் தண்ணீர் மாதிரி இருக்கும்.

நல்ல பச்சையும் கெட்ட பச்சையும்

முதல் கொழுந்து டீயில் அனுபவசாலிகளே தடுமாறுகிற இடம் இதுதான். பச்சை வாசனைதான் அதன் அழகு. அரைகுறையாகச் செய்த டீயிலும் பச்சை வாசனை வரும். சரியாக வாட்டாமல் அவசரத்தில் உருட்டினாலும் வரும், தேவையான நேரம்கூடப் புளிக்க வைக்காவிட்டாலும் வரும். பருவத்தின் ஆரம்பத்தில் விலை உச்சத்தில் இருப்பதால் "முதல் கொழுந்து" என்ற பெயரிலேயே பச்சையான சரக்கு விற்றுப்போகும் ஆபத்து உண்டு. பக்கத்தில் நேபாளத்தின் இலாம் மலையிலும் அதே வகைச் செடிதான். அங்கே விளைகிற டீ டார்ஜிலிங் பெயரில் கலந்து விற்கப்படுவதாக டார்ஜிலிங்காரர்கள் பல வருஷமாகக் குறைப்படுகிறார்கள். நேபாள டீ மோசம் என்று நாங்கள் சொல்லவில்லை, அதிலும் அருமையான டீ இருக்கிறது. அதை அதன் பெயரிலேயே விற்க வேண்டும் என்பதுதான் நியாயம்.

பச்சையைப் பிரித்துப் பார்க்க இரண்டு வழி. முதல் வழி, எங்கே பிடிக்கிறது என்று கவனிப்பது. நல்ல பச்சை நாரத்தை இலையைக் கசக்கின மாதிரி, மல்லிகை மாதிரி, இளம் பட்டாணியை உரிக்கிற மாதிரி மூக்கில் நிற்கும். துவர்ப்பு நுனிநாக்கிலும் கன்னத்திலும் பட்டு மறையும், பின்னால் ஒரு இனிப்பு வரும். கெட்ட பச்சை வெட்டின புல் மாதிரி மட்டும் நாறும். நிலவேம்புக் கஷாயம்போலத் தொண்டையைப் பிடித்துக்கொண்டு விடவே விடாது.

இரண்டாவது வழி பொறுமை. கோப்பையை அப்படியே வைத்துவிட்டுக் கால் மணி நேரம் வேறு வேலை பாருங்கள். ஆறின பிறகு மறுபடி குடியுங்கள். நல்ல டீ ஆறினாலும் வாசனையும் இனிப்பும் தெரியும். அரைகுறை டீ ஆற ஆறக் கரகரப்பு ஏறும், சூடு மறைத்து வைத்திருந்த குற்றமெல்லாம் வெளியே வரும். எங்கள் அபிப்பிராயத்தில், ஒரே ஒரு சோதனைக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். மற்றதை விட்டாலும் பரவாயில்லை.

கோப்பை காட்டிக்கொடுக்கும் குற்றங்கள்

புகை வாசனை வந்தால் உலர்த்தும் இயந்திரத்தில் புகை கசிகிறது. தீய்ந்த வாசனை வந்தால் சூடு அதிகம். புளித்த நெடி வந்தால் அதிக நேரம் புளிக்க விட்டிருக்கிறார்கள், அல்லது உருட்டும் மெஷினைக் கழுவவில்லை. இவை தொழிற்சாலையின் குற்றங்கள்.

சில குற்றங்கள் தோட்டத்திலேயே ஆரம்பிக்கின்றன. முற்றின இலை, வளர்ச்சி நின்று மொட்டு மூடிக்கொண்ட தளிர், இவை கலந்தால் டீ வெறுமையாக, மரத்தூள் மாதிரி இருக்கும். சாக்கில் திணித்து மிதித்து அடைத்த இலை உள்ளே சூடேறி, தொழிற்சாலை போகுமுன்பே சிவந்துவிடும். அந்த டீயில் சக்கை கறுத்துக் கிடக்கும், தேநீரும் மங்கலாக இறங்கும். இலையை நிழலில் வைப்பதும், சாக்கை அழுத்தாமல் நிரப்புவதும், அன்றைக்கே அனுப்புவதும் பெரிய விஞ்ஞானம் இல்லை. ஆனால் கிலோ கணக்குக்கு மட்டும் கூலி என்றால் யார் இலையைப் பார்த்துப் பார்த்துப் பறிப்பார்கள்? நாள் முழுக்கக் குனிந்து, முப்பது கிலோ சுமந்து வருகிறவரைப் பார்த்து "தரம் இல்லை" என்று சொல்வது லேசு. தரத்துக்குத் தனியாகக் காசு கொடுக்கிற இடத்தில்தான் தரம் வரும்.

நம் மலையில்

நீலகிரியில் சிறு விவசாயிகளின் இலை பெரும்பாலும் சி.டி.சி. டீயாகத்தான் போகிறது. அந்த இலைக்குத் தேயிலை வாரியம் மாதாமாதம் சராசரி விலை அறிவிக்கிறது. ஏலத்தில் தூள் என்ன விலைக்குப் போனது என்பதை வைத்துத்தான் அந்தக் கணக்கு. ஏலத்தில் விலை கேட்பவர் முதலில் சாம்பிளைச் சுவைத்துவிட்டுத்தான் கேட்கிறார். ஆக, குன்னூரில் யாரோ ஒருவர் வாயில் நடக்கிற சோதனை நம் வீட்டு வரவு செலவு நோட்டு வரைக்கும் வந்து சேர்கிறது.

டார்ஜிலிங்குக்கு மார்ச் என்றால் நமக்கு டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை. ராத்திரிக் குளிரில் தளிர் மெதுவாக வளரும், இலை கொஞ்சமாகத்தான் கிடைக்கும், ஆனால் வாசனை கூடும். அப்போது உயரமான இடங்களில் பறித்து முழு இலையாகச் செய்கிற டீயை 'ஃப்ராஸ்ட் டீ' என்று விற்கிறார்கள். உறைபனியில் கருகின இலையில் செய்வது என்று நினைத்துவிடாதீர்கள். கருகின இலை எதற்கும் ஆகாது. குளிரைத் தாங்கி மெதுவாக வளர்ந்த நல்ல தளிர்தான் அது. இளமஞ்சளாக, பூ வாசனையோடு, துவர்ப்பு குறைவாக இருக்கும். மேலே சொன்ன முறையில் அதையும் ஏப்ரல், மே மாதத்து டீயையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சுவைத்துப் பாருங்கள். ஒரே மலை, இரண்டு பருவம். வித்தியாசம் யாரும் சொல்லாமலே தெரியும்.

பாக்கெட் போடும் குழுக்களுக்கு

இனி வாங்கும்போது கவனிக்க வேண்டியவை. சாம்பிளில் ஒரு டீ, மூட்டையில் வேறு டீ என்பது பழைய தந்திரம். சாம்பிளை ஒத்துக்கொண்டதும் அதில் ஒரு 50 கிராமைக் காற்றுப் புகாமல் கட்டி, தேதி எழுதி, விற்பவரிடம் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சரக்கு வந்ததும் மூட்டையின் மேலே, நடுவில், அடியில் மூன்று இடத்திலும் எடுத்து, அந்தச் சாம்பிளோடு சேர்த்து ஊற வையுங்கள். பிறகு பணம் கொடுங்கள்.

சாயம் கலந்த தூளைக் கண்டுபிடிக்க, ஒரு வெள்ளை வடிதாளில் கொஞ்சம் தூளைப் பரப்பி, தண்ணீர் தெளித்து ஈரமாக்குங்கள். பிறகு தூளைக் கழுவிவிட்டு வெளிச்சத்தில் தாளைப் பாருங்கள். சாயம் இருந்தால் கறை தெரியும். சுத்தமான தூளில் பெரிதாகக் கறை இருக்காது. பச்சைத் தண்ணீரில் ஒரு சிட்டிகை போட்டதுமே சிவப்பாகக் கலர் ஓடினாலும் சந்தேகப்பட வேண்டியதுதான். இரும்புத் தூளுக்குக் காந்தம். இப்போது புரிகிறதா, "கலர் நல்லா இறங்குது" என்பதை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்று?

பால் டீக்குத்தான் விற்கப் போகிறீர்கள் என்றால் கடைசியாகப் பாலும் ஊற்றிப் பாருங்கள். கோப்பைக்கு ஒரே அளவு பால், ஒரு சின்னக் கரண்டி. நல்ல சி.டி.சி. டீ பாலோடு பொன் சிவப்பாகப் பளிச்சென்று மாறும். மட்டமானது சாம்பல் பூத்த மாதிரி மங்கும். முதல் கொழுந்து டீயில் மட்டும் பால் ஊற்றாதீர்கள், காசைக் கரைத்துக் கொட்டின மாதிரி ஆகிவிடும்.

டீத்தூள் வாசனை பிடிப்பதில் பஞ்சை மிஞ்சிவிடும். ஒரே அறையில் மிளகாய்த்தூள் அரைப்பது, ஊதுவத்தி சுற்றுவது, பினாயில் பாட்டில் நிரப்புவது, அதன் பக்கத்திலேயே டீ பாக்கெட் போடுவது என்று இருந்தால் வாங்கினவர் டீயில் பினாயில்தான் குடிப்பார். தனி அறை முடியாவிட்டால் தனி நாளாவது ஒதுக்குங்கள். இறுக்க மூடும் தகர டின்னில் வையுங்கள். மழைக்காலத்தில் மூட்டையைத் திறந்து போடாதீர்கள். முதல் கொழுந்து, ஃப்ராஸ்ட் டீ மாதிரி வாசனைக்காக வாங்கும் டீ என்றால் சில மாதங்களிலேயே அந்த வாசனை மங்கிவிடும். போன வருஷத்துச் சரக்கைப் புது விலைக்கு வாங்காமல் இருக்க, தயாரித்த மாதத்தைக் கேட்டு வாங்குங்கள்.

சுவைக்க உட்காரும்போது ஐந்து பேராவது உட்காருங்கள். எந்தக் கோப்பையில் எந்த டீ என்பது ஒருவருக்கு மட்டும் தெரியட்டும். அவர் சுவைக்க வேண்டாம், கோப்பைக்கு அடியில் எண் ஒட்டி வைத்தால் போதும். மற்றவர்கள் பேசிக்கொள்ளாமல் சுவைத்து, ஒவ்வொரு கோப்பைக்கு முன்னாலும் இருக்கிற மூடின டப்பாவில் புளியங்கொட்டை போட வேண்டும். பிடிக்கவில்லை என்றால் ஒன்று, ரொம்பப் பிடித்தால் அஞ்சு. எழுதத் தெரிந்தவர், தெரியாதவர் என்ற பேதம் இல்லை. சத்தமாகப் பேசுகிறவர் பக்கம் எல்லாரும் சாய்வதும் இருக்காது. எண்ணி முடித்ததும் தேதி, டீயின் பெயர், விலை, விழுந்த கொட்டைகளின் எண்ணிக்கை எல்லாவற்றையும் தீர்மானப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள். அடுத்த முறை வியாபாரி வரும்போது அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பேசலாம்.